கிருமி வளரட்டும் என்று காத்திருந்த நாட்கள்

காய்ச்சல் மாலையில்தான் வந்தது. நாலு மணிக்கு மில்லில் இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதும். அது அடங்கிச் சற்று நேரத்தில் முதுகுத்தண்டில் குளிர் ஏறும். ஏழு மணிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். காலையில் நான் நன்றாக இருந்தேன். காலையில் நன்றாக இருப்பவளை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. அவளும் சொல்லிக்கொள்வதில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கோ, அவர்கள் வீட்டில் ஒருவருக்கோ இதே நோய் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பல் மருத்துவம் படித்தவள். அப்படியானால் முன்கூட்டியே தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். தெரிந்திருந்தது. எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் என்பது வரை தெரிந்திருந்தது.

பி.டி.எஸ். முடித்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் மருத்துவமனையில் காலை நேரம் மட்டும் வேலை. அங்கே என்னோடு இருந்தவள் ஜெபா, கல்லூரியில் ஐந்து ஆண்டும் என் பக்கத்துப் பெஞ்ச். மதியம் கடை சாத்துவதுபோல் வாசலைச் சாத்திவிட்டு, இருவரும் பஸ் பிடித்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருவோம். எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

பல்லைப் பற்றிய கேள்விகளுக்கு நாங்கள் பயப்படவில்லை. பொது மருத்துவம்தான் பயம். எங்களுக்கு அது ஒரே ஆண்டுப் பாடம். அதையும் வார்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துப் படித்தோம். நோயாளியின் முகம் தெரியாது, கட்டில் எண் தெரியும். நுழைவுத் தேர்விலோ இதயம், நுரையீரல், ரத்தம், சிறுநீரகம் என்று எல்லாவற்றிலிருந்தும் கேட்பார்கள். பல்லைப் பிடுங்குகிறவர் அந்தப் பல் யாருடைய உடம்பில் இருக்கிறது என்று தெரிந்து பிடுங்க வேண்டும் அல்லவா?

எனக்கு அந்தப் பாடம் வெறிபோல் பிடித்துப்போனது. யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வியாகத் தெரிந்தார்கள். கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் ஈறு வீங்கி வந்தார். நான் அவருடைய கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தேன், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினேன், சர்க்கரையா, ரத்தப் புற்றா என்று காகிதத்தில் எழுதத் தொடங்கினேன்.

"ஏட்டி, அவிய பல்வலிக்கு வந்திருக்காவ. நீ கருமாதிக்கு நாள் குறிக்காத," என்றாள் ஜெபா.

என் காய்ச்சலையும் அப்படித்தான் கேள்வியாக்கினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்க, அவளிடம் கேட்டேன்: "இருபத்து நாலு வயதுப் பெண். மூன்று வாரமாக மாலைக் காய்ச்சல். எடை குறைகிறது. விடை?"

"அ, காசநோய். ஆ, மலேரியா. இ, டைபாய்டு. ஈ, படிக்காமப் படுத்துக்கெடக்க நாடகம்."

"ஈ," என்றேன்.

"பெயிலு," என்றாள் அவள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது, கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கொடுத்துவிட்டுப்போகும் மாதிரி மாத்திரைகள் மருத்துவமனை மேசை டிராயரில் எப்போதும் கிடக்கும். அதிலிருந்து அமாக்ஸிசிலின் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) எடுத்து மூன்று நாள் போட்டேன். காய்ச்சல் நின்றது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி மூன்று நாள். மறுபடி நின்றது. மறுபடி வந்தது. "நல்லா ஆயிருச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க" என்று ஒவ்வொரு நோயாளியிடமும் தினமும் சொல்கிறவள் நான். மருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறு இது. வெளியே இருப்பவர்கள் டாக்டரிடமாவது போவார்கள்.

ஒரு நாள் காலை, நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே, கை கழுவிக்கொண்டிருந்தேன். இடது கை மோதிர விரல் நகத்துக்கு அடியில் இரண்டு மெல்லிய கோடுகள். கட்டைவிரலில் ஒன்று. மரச் சிலாம்பு ஏறியதுபோல், கருஞ்சிவப்பாக, நகத்தின் நீளவாக்கில். தேய்த்தேன், போகவில்லை. ஜெபா பக்கத்துக் குழாயில் கை கழுவ வந்தவள் என் கையைப் பிடித்தாள்.

"சிலாம்பு குத்துச்சா?"

"இல்ல."

குழாயை அவள் மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கத்தை நாங்கள் இரண்டு முறை படித்திருந்தோம். நகத்தடி ரத்தக்கசிவு, விடாத காய்ச்சல், எடை குறைவு. மூன்றையும் சேர்த்தால் வரும் பெயர் எண்டோகார்டைட்டிஸ் (இதய வால்வுகளில் கிருமி குடியேறி வளரும் நோய்). பல் மருத்துவருக்கு அதைக் கட்டாயம் கேட்பார்கள் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தோம். காரணம் உண்டு. பல்லைப் பிடுங்கும்போதும், ஈறுக்கடியில் சுத்தம் செய்யும்போதும் வாயிலுள்ள கிருமிகள் சில நிமிடங்கள் ரத்தத்தில் கலக்கும். நல்ல இதயம் என்றால் அவை அப்படியே அழிந்துபோகும். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கி, இதய வால்வையும் கெடுக்கும் நோய்) வந்த இதயம் என்றால், கெட்டுப்போன வால்வில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பே மருந்து கொடுத்துவிட வேண்டும்.

"உனக்கு வால்வு நல்லாத்தான இருக்கு?" என்றாள் ஜெபா. "உன் பல்லுல கைவைக்கிறதுக்கு முன்னாடி கேட்டேன்ல?"

கேட்டாள். இரண்டரை மாதத்துக்கு முன்பு, என் உடைந்த கடைவாய்ப் பல்லின் வேரை அவள்தான் தோண்டி எடுத்தாள். அதற்கு முன் விளையாட்டாக, நோயாளிச் சீட்டில் உள்ள கேள்விகளை வரிசையாக வாசித்தாள். சர்க்கரை உண்டா, மூச்சு முட்டுமா, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? "ஒண்ணும் கெடையாது, சீக்கிரம் ஆரம்பி," என்று வாயைத் திறந்துகொண்டு படுத்தேன்.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் பழைய நினைவு ஒன்று ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அம்மா என்னை ஊசி போடக் கூட்டிப்போவாள். இடுப்பில் போடுவார்கள். மருந்து கெட்டியாக இருக்கும், அன்று முழுக்கக் காலை இழுத்துக்கொண்டு நடப்பேன். சத்து ஊசி என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இடுப்பில் போடும் ஊசி எது என்று தேர்வில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். நீண்ட நாள் வேலை செய்யும் பென்சிலின், ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க. அந்த விடையை எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையாவது என் இடுப்பு ஞாபகத்துக்கு வந்ததில்லை.

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஊசி எதுக்குப் போட்டீக?"

"எந்த ஊசி?"

"மூணு வாரத்துக்கு ஒருக்கா."

"சத்து ஊசி."

"நான் டாக்டரும்மா."

"நீ பல்லு டாக்டரு." நாரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சில கோளாறுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்லுதியா? எவன் வந்து கட்டுவான்? உங்கப்பாவுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்னு விட்டுட்டோம்."

"பதினஞ்சு வயசுல ஏன் நிறுத்துனீக?"

"பக்கத்து வீட்டு அம்மாயி ஆஸ்பத்திரியில பாத்துட்டா. என்ன ஏதுன்னு நோண்ட ஆரம்பிச்சுட்டா. நீயும் நல்லாத்தான இருந்த."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு இருக்கும் நோயை அவளிடம்கூடச் சொல்லாமல் வைப்பது புதிதில்லை. அவள் வாய்தவறிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான். அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கைகள் நாரே இல்லாத காயில் நார் உரித்துக்கொண்டிருந்தன. நான் எழுந்துவிட்டேன்.

அப்பா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் சூபர்வைசர். அன்று வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "நீ காலேஜுக்குப் போறப்பவே சொல்லியிருக்கணும் தாயி," என்றார். மறுநாள் காலை அவர்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

ராஜபாளையத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். அங்கிருந்த பொது மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஸ்டெதாஸ்கோப்பை என் இடது மார்புக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனத்துக்குள் எண்ணினேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மூன்று முறை ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மூன்றிலும் எதுவும் வளரவில்லை என்று வந்தது.

"மாத்திரை ஏதும் போட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

சொன்னேன். எத்தனை முறை என்பதையும் சொன்னேன்.

அவர் என் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. "கிருமிய நீ கொல்லவும் இல்ல, உசுரோட விடவும் இல்ல. மயக்கம் போட்டுப் படுக்க வச்சிருக்க. இப்போ அதுகிட்டப் பேரு கேட்டா எப்படிச் சொல்லும்?"

ரத்தப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் என்ன காரணம்? முன்பே அரைகுறையாக மருந்து சாப்பிட்டிருப்பது. அதுவும் ஒரு கேள்விதான். அதையும் நான் சரியாக எழுதியிருந்தேன்.

மதுரைக்குப் போய் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுப்பது) எடுத்தோம். கறுப்பு வெள்ளைத் திரையில் என் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு) திறந்து திறந்து மூடியது. அதன் நுனியில், நனைந்த பஞ்சுத் துணுக்குபோல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு முறை துள்ளிற்று. அதுதான் கிருமிகளின் கூடு. அது அறுந்தால் ரத்தத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகும். மண்ணீரலுக்கு, சிறுநீரகத்துக்கு, மூளைக்கு.

டாக்டர் ஒரு முடிவு சொன்னார். இதயம் இன்னும் தாங்குகிறது. கிருமியின் பெயர் தெரியாமல் மருந்து தொடங்கினால், குருட்டாம்போக்கில் ஆறு வாரம் பல மருந்துகளைக் கலந்து போட வேண்டும். காதுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். அதனால் நான்கு நாள் எந்த மருந்தும் இல்லாமல் நர்சிங் ஹோமிலேயே இருக்க வேண்டும். உடம்பில் மிச்சமிருக்கும் மாத்திரையின் பிடி விடட்டும். கிருமி முழித்துக்கொள்ளட்டும். தினமும் ரத்தம் எடுப்போம்.

"வளரட்டும்," என்றார்.

எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. உற்சாகமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? என் உடம்பில் ஒரு பாடம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் காய்ச்சல் மாலை வந்தது. இரண்டாம் நாள் மத்தியானமே வந்தது, காலையும் விடவில்லை. அம்மா வாசலில் யார் வந்தாலும் "வயித்து வலி, செத்த நேரத்துல வீட்டுக்குப் போயிருவோம்" என்று சொல்லி அனுப்பினாள். அப்பா ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நர்ஸ் ரத்தம் எடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொல்லி நான் கேட்பேன். தெளிவாகவே இருக்கும். எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

என்னைக் கொல்லக்கூடிய ஒன்று நன்றாக வளர வேண்டுமே என்று நான் கிடந்து வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலைதான் இது உறைத்தது.

அன்று மத்தியானம் ஜெபா கேள்விப் புத்தகத்தோடு வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். தேர்வுக்கு ஆறு வாரம்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டேன். அவள் கேட்டுக்கொண்டே போனாள். ரத்தசோகை, நாக்கு வழவழப்பாவது எதனால்? சொன்னேன். வாயில் கறுப்புத் திட்டுகள், ரத்த அழுத்தம் குறைவு, எந்தச் சுரப்பி? சொன்னேன். ரத்தம் உறையாத நோய், பெரும்பாலும் ஆண்களுக்கே வருவது?

விடை எனக்குத் தெரியும். அது என் முன்னால் இருந்தது. ஆனால் வாய்க்கு வரவில்லை.

"என்னட்டி, இதுகூடவா தெரியல?"

தெரியும் என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது. வலது கையிலிருந்து பென்சில் விழுந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. எனக்கு எதுவும் வலிக்கவில்லை, பயம்கூட உடனே வரவில்லை. ஜெபாவின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் எனக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அவள் வராந்தாவில் ஓடும் செருப்புச் சத்தம். அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். அது யாருடைய கையோபோல் இருந்தது.

பத்து நிமிடத்தில் சொல் திரும்பி வந்தது. நான் முதலில் சொன்னது "ஹீமோபீலியா". அம்மா அது தன்னைத் திட்டும் சொல் என்று நினைத்து அழுதாள்.

டாக்டர் வந்து கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், எண்ணச் சொன்னார். கூட்டிலிருந்து ஒரு துணுக்கு அறுந்து மூளைக்குப் போய், எப்படியோ கரைந்துவிட்டது. "இனி காத்திருக்க வேண்டாம்," என்றார். உடனே இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்து, அதே ஊசி வழியாகப் பென்சிலினைத் தொடங்கினார். கூடவே ஜென்டாமைசின் என்ற இன்னொரு மருந்தும். மறுநாள் மதுரையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை.

அன்று மாலையே, இரண்டாம் நாள் எடுத்த பாட்டில் கலங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (எல்லாருடைய வாயிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமி). பென்சிலினுக்கு அடங்கும் வகை. பெயர் கிடைத்துவிட்டது. ஜெபா அந்தச் சீட்டை வாங்கிப் படித்தாள். வாயிலிருந்து போன கிருமி என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் உங்க அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்," என்றாள்.

"கேட்டிருந்தா சத்து ஊசின்னு சொல்லியிருப்பாவ."

அவள் சிரிக்கவில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து, நாலு வாரம். கைகளில் ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாகக் கயிறுபோல் தடித்துப்போயின. ஜென்டாமைசின் இரண்டு வாரம் போட்டதில் காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்தது, அது இன்னும் முழுதாகப் போகவில்லை. காய்ச்சல் ஐந்தாம் நாள் நின்றது. நின்றதை நான் நம்பவில்லை. முன்பும் இரண்டு முறை நின்றிருக்கிறதே.

தேர்வு நாளன்று வீட்டில் படுத்திருந்தேன். ஜெபா மெட்ராஸ் போய் எழுதிவிட்டு வந்தாள். கேள்வி எப்படி என்று கேட்டேன். "கேள்வி மாதிரிதான் இருந்துச்சு," என்றாள். பொது மருத்துவத்தில் என்ன கேட்டார்கள் என்று அவள் இதுவரை சொல்லவில்லை. அவளுக்கும் இடம் கிடைக்கவில்லை.

கிருமி போய்விட்டது, வால்வைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. முன்பு கொஞ்சமாகக் கசிந்த கதவு இப்போது கூடுதலாகக் கசிகிறது. ஒரு நாள் வால்வை மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டேன். "அத வால்வுதான் சொல்லணும்," என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்கோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே ஊசி, இந்த முறை அதன் பெயரைச் சொல்லியே போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்த ஊசி போடுகிறீர்கள் என்றால், அது எதற்கு என்று அந்தக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது அது சொல்லட்டும். காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் கையிலிருப்பதை எடுத்து விழுங்காதீர்கள். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பயப்படாதீர்கள் என்று எழுத வரவில்லை.

அடுத்த தேர்வுக்கு நாங்கள் மறுபடியும் படிக்கிறோம். இதய ஒலிகள் பகுதி வந்தால் ஜெபா புத்தகத்தை மூடிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொள்வாள். கசியும் வால்வின் முணுமுணுப்பை (ரத்தம் பின்னோக்கிப் பாயும் சத்தம்) அவள் என் நெஞ்சில்தான் கற்றாள். சனிக்கிழமைதோறும் கேட்பாள். சத்தம் எவ்வளவு, எந்த இடம்வரை கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பாள்.

போன சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கையிடுக்கு வரைக்கும் நகர்த்தினாள், பிறகு முதுகுக்குப் போனாள். நான் மூச்சை இழுத்து விட்டேன். அவள் சொல்லாமலே மறுபடி இழுத்து விட்டேன்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றாள். நோட்டை எடுக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தாள். "ஆறு மாசம் வரைக்கும் எதுக்கு? வார வெள்ளிக்கெழம எனக்கும் மதுரையில ஒரு வேல இருக்கு. போற வழியில எக்கோ எடுத்துட்டு வந்துருவோம்."

அவளுக்கு மதுரையில் எந்த வேலையும் கிடையாது.

இந்தக் கட்டுரையை அந்தச் சனிக்கும் வரப்போகும் வெள்ளிக்கும் நடுவில் எழுதுகிறேன். முன்பெல்லாம் ஒரு வாரம் என்றால் எனக்கு நுரையீரலும் சிறுநீரகமும், ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பார்த்தல். இந்த வாரம் நான் எதையும் படிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணைக்குள் அது துடிப்பது கேட்கிறது, அதனால் வலப்பக்கம் படுக்கிறேன். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று கவனிக்கிறேன். மூச்சு வாங்குகிறதா, வாங்குவதாக நினைக்கிறேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்று புதன்.